உப்புத்தாளும் பதிப்பறமும்

சென்ற தை மாதத்தில் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தேன். கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படும்படியாக ஒரு தேக்குமரப் பெட்டகம் வைக்கப்பட்டிருந்தது. விளக்கொளி அதன் மூடியில் விழுந்து கண்ணாடியில் பட்டதுபோல் என் கண்ணுக்கே திரும்பியது. "எங்க கொள்ளுத் தாத்தா காலத்துப் பெட்டி சார். ஊர்ல கொல்லைத் தாழ்வாரத்துல கிடந்தது. பாருங்க, புதுசு மாதிரி ஆக்கிட்டோம்" என்றார் நண்பர். வந்திருந்தோர் தடவிப் பார்த்துப் பாராட்டினர். நானும் பாராட்டினேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாராட்டு என்னை உறுத்திக்கொண்டே வந்தது. கொள்ளுத் தாத்தாவின் பெட்டியைப் பார்க்க அழைத்துவிட்டு, கொள்ளுத் தாத்தாவின் சுவடே இல்லாத ஒரு பொருளை எங்களுக்குக் காட்டினார் நண்பர். நாங்களும் அதைத்தான் வியந்தோம். 'புதுசு மாதிரி' என்ற அந்த இரண்டு சொற்களே இக்கட்டுரையின் எதிரி. நண்பர் அல்லர். அவர் இப்போது செய்த பிழையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்தவன் நான். அதைப் பின்னர் சொல்கிறேன்.

புதுசு மாதிரி ஆக்கும் முறை இதுதான். பட்டறைக்கு வரும் பொருளின்மீது முதலில் பூச்சு நீக்கும் திரவத்தைத் தடவுவார்கள். அல்லது காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவுவார்கள். பழைய பூச்சு கூழாகி வழிந்ததும் தகட்டால் சுரண்டுவார்கள். அடுத்தது உப்புத்தாள்; முரட்டுத் தாளில் தொடங்கி நைசான தாள் வரை. இப்போது கையால் தேய்ப்போரும் அருகிவிட்டனர். மின்னியந்திரம் சிறிது நேரத்தில் ஓர் அலமாரிக் கதவின் நூறாண்டைத் தூளாக்கித் தரையில் கொட்டிவிடும். பிறகு ஆணித்துளை, வெடிப்பு, பூச்சி அரித்த பொத்தல் ஆகிய எல்லாவற்றிலும் பட்டி வைத்து அடைப்பார்கள். அதன்மேல் சாயம். தேக்கு தேக்கின் நிறத்தில் இருப்பது நமக்குப் போதாது. அதற்கு ஈட்டி மரத்தின் நிறம் வேண்டும். இறுதியாக மெலமைன் பூச்சு அல்லது பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பூச்சு துப்பாக்கியால் தெளிக்கப்படும். பொருள் புதிதாகிவிட்டது.

இதில் இழந்தது என்ன என்று கேட்கலாம். மரம் அப்படியே இருக்கிறது, பொருத்துகள் அப்படியே இருக்கின்றன, அழுக்குதானே போயிற்று? இல்லை. தேக்கின் வெட்டுமுகம் காற்றும் வெளிச்சமும் பட்டு ஆண்டுக்கணக்கில் நிறம் மாறுகிறது. கை அடிக்கடி பட்ட இடத்தில் ஒரு மெருகும், படாத இடத்தில் வேறொரு மங்கலும் படிகின்றன. இழுப்பறையின் பிடி அருகே, நாற்காலிக் கையின் நுனியில், ஊஞ்சல் பலகையில் சங்கிலி உரசும் மூலையில் என்று மனிதர்கள் புழங்கிய முறை மரத்தில் பதிகிறது. இந்த மாற்றம் முழுவதும் நிகழ்வது மேற்பரப்பில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில். அதற்குக் கீழே இருப்பது தச்சர் இழைத்த நாளில் இருந்த மரம்தான். நூறு வயதுப் பெட்டிக்கு நூறு வயது என்பது அந்த மெல்லிய தோலில் மட்டுமே இருக்கிறது. உப்புத்தாள் எடுப்பது அந்தத் தோலை.

செதுக்கு வேலை உள்ள பொருளில் இழப்பு இன்னும் வெளிப்படை. கொடியின் வளைவு, இதழின் விளிம்பு, யாளியின் கண் எல்லாமே உளியின் கூர்மையால் நிற்பவை. இரண்டு முறை தேய்த்தால் இதழ் விளிம்பு மழுங்கும். மூன்றாம் முறை, மழையில் கரைந்த சர்க்கரைப் பொம்மைபோல் ஆகிவிடும். பொருளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு உரியது என்பதற்காகத் தச்சர் உளியால் இட்ட சிறு வெட்டுகள் இருக்கும். சில பொருள்களில் கரித்துண்டால் இட்ட அளவுக்கோடுகளும் தங்கியிருக்கும். நம் ஊர்த் தச்சர் எவரும் தாம் செய்த பொருளில் பெயர் பொறித்ததில்லை. பொறிக்க நாம் விட்டதுமில்லை. அந்த வெட்டுகள்தாம் அவருடைய கையொப்பம். அவையும் 'சுத்தம்' என்ற பெயரில் போகின்றன.

பழைய பூச்சைப் பற்றியும் ஒரு சொல். சென்ற தலைமுறை வரை நல்ல மரச்சாமான்களுக்குப் பூசப்பட்டது பெரும்பாலும் அரக்கு. மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. பாரதக் கதையில் பாண்டவரை எரிப்பதற்குக் கட்டிய மாளிகை வழியாக நாம் அனைவரும் அறிந்த பொருள். அரக்கு உற்பத்தியில் முதன்மையான நாடு இந்தியா. ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் அதன் விளைநிலங்கள். அதை ஆராய்வதற்கென்றே 1924-இல் ராஞ்சியை அடுத்த நாம்குமில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் தோய்த்து வட்டம் வட்டமாகத் தேய்ப்பதே நம் பட்டறைகளில் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று வழங்கும் வேலை. பொறுமையும் பல நாட்களும் கேட்கும் வேலை.

அரக்குக்குக் குறைகள் உண்டு. சூடான தம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். தண்ணீர் தேங்கினால் வெளுக்கும். ஸ்பிரிட் பட்டால் கரையும். ஆனால் இந்தக் கடைசிக் குறைதான் அதன் பெருமை. கரையும் என்பதால்தான் அதைப் பழுது பார்க்க முடிகிறது. பழைய அரக்கின்மேல் புதிய அரக்கைத் தேய்க்கும்போது, புதியது பழையதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். எதையும் சுரண்ட வேண்டியதில்லை. தேய்ந்த இடத்தில் மட்டும் தேய்த்தால் போதும். மெலமைனும் பி.யு.வும் அப்படிப்பட்டவை அல்ல. உலர்ந்தபின் அவை எதிலும் எளிதில் கரையா. ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அவ்விடத்தை மட்டும் இசைவாகச் சரிசெய்வது கடினம். கடைசியில் முழுப் பலகையையும் மறுபடி தேய்த்தெடுக்க நேரும். ஒருமுறை 'புதுசு மாதிரி' ஆக்கிய பொருளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதிதாக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் மரம் சிறிது மெலியும்.

தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களை இரண்டாகப் பகுக்கிறது. புறத்தே வைரம் உடையது புல். அகத்தே வைரம் உடையது மரம். தென்னையும் மூங்கிலும் புல். தேக்கும் வேங்கையும் மரம். வகுப்பில் இதை நடத்தும்போது இப்போதெல்லாம் எனக்கு ஒரு கசப்பான சிரிப்பு வருகிறது. உள்ளே இருந்த வைரத்தின் முகத்தைத் தேய்த்தெடுத்துவிட்டு, வெளியே ஒரு செயற்கை வைரத்தைத் தெளித்துக் கடினமாக்குகிறோம். இலக்கணப்படி பார்த்தால் நம் பாட்டன் வீட்டு மரங்களையெல்லாம் நாம் புல்லாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இதைவிட வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. அதே நகரத்தின் இன்னொரு பட்டறையில் புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்து, கம்பித் தூரிகையால் கீறி, விளிம்புகளைத் தேய்த்துப் 'பழசு மாதிரி' ஆக்கி விற்கிறார்கள். பழையதற்குப் புதியதன் வேடம், புதியதற்குப் பழையதன் வேடம். இரண்டு வேடத்துக்கும் விலை உண்டு. தன் வயதில் தானாக நிற்கும் பொருளுக்குத்தான் நம் கூடத்தில் இடம் இல்லை.

*

தமிழ் படித்தவனுக்கு இந்த விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். தமிழ் படித்தவனுக்குத்தான் இதில் முதல் வேலை இருக்கிறது. பழுதுபட்ட பழம்பொருளை அடுத்த தலைமுறையிடம் எப்படி ஒப்படைப்பது என்ற கேள்விக்கு, நம் மொழியில் மிகச் சிறந்த விடையைத் தந்தவர்கள் தச்சர்களோ கட்டடக் கலைஞர்களோ அல்லர், பதிப்பாசிரியர்கள்.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவர் கைக்கு வந்த ஏடுகள் செல்லரித்தவை, முரிந்தவை, ஒன்றோடொன்று முரண்பட்டவை. அவர் பழந்தமிழில் தோய்ந்தவர்; தாமே செய்யுள் இயற்றும் ஆற்றல் பெற்றவர். புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. விரும்பியிருந்தால் இரண்டு பாடல்களை எழுதிச் சேர்த்திருக்கலாம். எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். அவர் புள்ளி வைத்தார். இல்லாததை இல்லை என்று காட்டினார். 1904-இல் அவர் வெளியிட்ட பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பெயரில் பத்து இருக்க, நூலில் எட்டுப் பத்து. அந்தக் குறையோடுதான் அது நமக்கு நூறாண்டுக்கு மேலாக முழுமையான நூல்.

பாடபேதங்களைக் கீழே குறித்தது, எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று முன்னுரையில் எழுதியது, தம் ஊகத்தை ஊகம் என்றே சொன்னது ஆகியவை எல்லாம் சேர்ந்த ஒழுக்கத்தைப் பதிப்பறம் என்று அழைக்கலாம். அதன் சாரம் மூன்று விதிகள். இருப்பதை அழிக்காதே. இல்லாததைப் புனையாதே. நீ சேர்த்ததை உன்னுடையது என்று தெரியும்படி விட்டுவை. மூன்றாவதை மீறியவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் இடைச்செருகல். ஓர் இடைச்செருகலைப் பற்றி நாற்பது பக்கக் கட்டுரை எழுதும் நாம், வீட்டு அலமாரியின் வெடிப்பில் பட்டி வைத்துச் சாயம் பூசுவதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

மேலை நாட்டில் இந்தச் சண்டை கட்டடங்களை முன்னிட்டு நடந்தது. பழைய தேவாலயங்களின் சுவர்களைச் சுரண்டி, 'மூல வடிவம்' என்று தாங்கள் கற்பனை செய்த ஒன்றை அங்கே நிறுவிக்கொண்டிருந்தவர்களை எதிர்த்து, 1877-இல் வில்லியம் மாரிஸ் ஒரு சங்கம் கண்டார். கவிஞர் அவர், மரச்சாமான்களும் துணிகளும் செய்த நிறுவனத்தையும் நடத்தியவர். அவருடைய சங்கத்துக்கு வழங்கிய செல்லப்பெயரே 'சுரண்டல் எதிர்ப்பு' என்ற பொருள் கொண்டது. 1964-இல் வெனிஸ் நகரில் உருவான சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்று வகுத்தது. நம் பதிப்பாசிரியர் புள்ளி வைத்து அச்சிட்டு அப்போது எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் ஊரிலும் இந்தச் சண்டை நடந்ததுண்டு. கோயில் திருப்பணி என்ற பெயரில் தூண்களின்மீது மணலை வீசியடித்தபோது, கல்வெட்டு எழுத்துகள் தேய்வதையும் சிற்பங்களின் முகம் மழுங்குவதையும் கண்டு பலரும் குரல் எழுப்பினர், பத்திரிகைகளிலும் எழுதினர், அம்முறைக்குத் தடையும் வந்தது. நானும் வகுப்பறையில் கொதித்துப் பேசியவன்தான். கல்லுக்கு ஒரு நீதி, மரத்துக்கு ஒரு நீதி என்று எண்ணிக்கொண்டிருந்தேன் போலும். அல்லது கோயில் ஊருக்கு உரியது, அலமாரி எனக்கு உரியது என்று.

*

இனி என் பிழை.

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். வீட்டில் பெரிய மரச்சாமான் என்று இருந்தது ஒரே ஓர் அலமாரி. அப்பத்தாவுக்குச் சீதனமாக வந்தது. இரட்டைக் கதவு, நான்கு தட்டு, பித்தளைத் தாழ். 2011-இல் நான் வேலை பார்க்கும் ஊரில் வீடு கட்டியபோது அதைக் கொண்டுவந்தேன். கதவு அழுக்கேறிக் கறுத்திருந்தது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து தொலைபேசி வந்தது. "சார், கதவுக்கு உள்பக்கம் ஏகப்பட்ட கீறல் இருக்கு. இழைச்சு எடுத்துரலாமா?" என்று கேட்டார்கள். கேட்டார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "எடுத்துருங்க" என்றேன்.

அலமாரி பளபளவென்று வந்து சேர்ந்தது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கதவைத் திறந்து உள்பக்கத்தைக் கையால் தடவினார். மறுபடியும் தடவினார். "ஏப்பா, அத்தை போட்ட கோடெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டார்.

அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. இரண்டு மாடு வைத்துத் தெருவுக்குப் பால் ஊற்றியவர். யாருக்கு எத்தனை படி என்ற கணக்கு அந்தக் கதவின் உள்பக்கத்தில் அரிவாள் நுனியால் இழுத்த கோடுகளாக இருந்தது. வீட்டுக்கு ஒரு வரிசை. நான்கு கோடு நிற்க, ஐந்தாவது குறுக்கே. பணம் வந்த இடத்தில் ஒரு சுழி. கொடுக்காமலே போனவர்களின் வரிசை சுழி இல்லாமல் நின்றது. அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய பணம் அந்தக் கோடுகளிலிருந்து வந்தது. நான் முதுகலை படித்ததும் அதன் தொடர்ச்சிதான். அப்பத்தா எழுதிவைத்துவிட்டுப் போனது உலகத்தில் அவ்வளவுதான். ஏட்டுச் சுவடியின் ஒரு கீறலை மெய்யா புள்ளியா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் பயிற்சி பெற்ற நான், என் வீட்டின் ஒரே சுவடியைத் தொலைபேசியில் ஒரு சொல்லால் அழித்தேன்.

பட்டறைக்காரர்மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவருக்கு அது கீறல். எனக்கும் அப்போது அது கீறல்தான். எழுத்து என்பது தாளிலும் ஓலையிலும் கல்லிலும் மட்டுமே இருக்கும் என்று நம்பும் கல்வியைப் பெற்றவன் நான். உப்புத்தாளைவிட அந்த நம்பிக்கைக்கு முரடு அதிகம்.

*

இத்தகைய கருத்துக்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன்.

'என் வீட்டுப் பொருள், என் விருப்பம்' என்பது முதல் மறுப்பு. சட்டப்படி சரி. ஏடுகளும் அன்று ஒருவருடைய வீட்டுப் பொருள்தான். ஆற்றில் விட்டவர்களும் அடுப்பில் இட்டவர்களும் தம் உடைமையைத்தான் அப்படிச் செய்தார்கள். உரிமை இருந்தது என்பதற்காக நாம் அவர்களை மன்னித்துவிடவில்லையே.

'பழைய மேஸ்திரிகளே அவ்வப்போது பாலிஷ் போட்டார்களே' என்பது இரண்டாவது. இது வலுவான மறுப்பு. ஆம், போட்டார்கள், போடத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் போட்டது இருந்ததன் மேல். முன்னோர் உரையின்மேல் பின்னோர் விளக்கம் எழுதியதைப்போல, அரக்கின்மேல் அரக்கு. மூலத்தைச் சுரண்டிவிட்டு உரையை மட்டும் அச்சிட்டால் அதற்கு என்ன பெயர்? பழைய பொருளில் புதுப்பிக்கப்படுவதற்கென்றே அமைந்த பகுதிகள் உண்டு. நாற்காலியின் பிரம்புப் பின்னல், சாய்வு நாற்காலியின் துணி, ஊஞ்சல் சங்கிலியின் கொக்கி, பூச்சின் மேல்படலம் ஆகியவை தேயும், மாற்றலாம். மாற்றக் கூடாதது மரத்தின் முகம்.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். 'மரச்சாமான் யார் வீட்டில் இருந்தது? பாயும் பானையும் மட்டுமே இருந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு உங்கள் பர்மாத் தேக்கின் பெருமை எதற்கு? அந்தச் சாய்வு நாற்காலியின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்களின் பேரன்மார், அதன் மெருகைக் காப்பாற்ற ஏன் கவலைப்பட வேண்டும்?' நியாயமான கேள்வி. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒருவர், நின்றவர் பலர். அதே வீட்டுப் பெண்களிலேயே பலர் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களுக்கும் பெட்டகங்களுக்கும் பர்மாக் காடுகளிலிருந்து வந்த தேக்கின் பின்னால், அங்கே வட்டிக்குக் கொடுத்ததும் நிலம் கைமாறியதுமான வரலாறு உண்டு. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது நடந்தே வெளியேறிய லட்சக்கணக்கான இந்தியரின் துயரமும் அந்த வரலாற்றோடு சேர்ந்தது.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்கு எதிரானதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குத் துணை என்றே சொல்வேன். பளபளப்பு எதை மறைக்கிறது? நாற்காலியின் கை ஒன்றில் மட்டும் தேய்மானம் இருந்தால், யார் எப்படி உட்கார்ந்தார் என்று அது சொல்லும். நெல் அளந்த படியின் விளிம்பு தேய்ந்திருந்தால், எத்தனை பேருக்கு எப்படி அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். மெலமைன் பூசிய நாற்காலி எவரையும் எந்தக் கேள்வியும் கேட்காது. வரவேற்பறையில் 'எங்கள் பாரம்பரியம்' என்று சிரித்துக்கொண்டு நிற்கும். பழமையைக் கொண்டாடுபவர்தான் அதைத் தேய்த்துப் பளபளக்க வைக்கிறார். பழமையோடு கணக்குத் தீர்க்க நினைப்பவருக்குக் கீறல்கள் அப்படியே வேண்டும். என் அப்பத்தாவின் கதவில் சுழி இல்லாமல் நின்ற வரிசைகள் யாருடையவை என்று அம்மாவுக்கு நினைவு இருக்கிறது. அவை ஊரின் பெரிய வீடுகள்.

*

அப்படியானால் உளுத்ததை உளுத்தபடி விட்டுவிடுவதா? இல்லை. ஒன்றையும் தொடக் கூடாது என்பது அருங்காட்சியகத்தின் விதி. வீட்டுப் பொருள் புழங்குவதற்கு உரியது. உட்கார முடியாத நாற்காலி நாற்காலி அன்று. நான் கேட்பது பழுதுபார்ப்பில் பதிப்பறம்.

முதலில் படியுங்கள். பொருளைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம், பின்பக்கம், இழுப்பறையின் உள்பக்கம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள், படம் எடுத்துவையுங்கள், வீட்டில் மூத்தவர்களை அருகே உட்காரவைத்துக் கேளுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான். பிறகு தூசி தட்டி, மென்மையான துணியை இலேசான சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். கறுப்பு என்று நாம் நினைப்பதில் பாதி எண்ணெய்ப் பிசுக்கும் புகையும்தான். அது இதற்கே போகும். மறைவான ஒரு மூலையில் பஞ்சில் துளி ஸ்பிரிட் தொட்டு ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுத்தால் பூச்சு அரக்கு. சுரண்ட வேண்டியதே இல்லை, அதன்மேலேயே மெருகேற்றலாம். அதுவும் வேண்டாதவர்கள் தேன்மெழுகு தேய்த்து நிறுத்திக்கொள்ளலாம்.

ஆடும் பொருத்துக்கு ஆணி அடிக்காதீர்கள். பழைய தச்சர்கள் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையால் ஒட்டினார்கள். வெந்நீரும் ஆவியும் பட்டால் அது இளகிவிடும். மரம் சிதையாமல் பிரித்து மறுபடி ஒட்டலாம். 1959-இல் ஃபெவிகால் வந்தபின் வச்சிரம் காய்ச்சும் வேலை மெல்ல மறைந்தது. புதுப் பசையின் வலிமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அரக்கைப் போலவே வச்சிரமும், பின்னால் வருகிறவனுக்கு ஒரு வழி விட்டுவைத்த பொருள். கறையான் தின்ற பகுதியை வெட்டத்தான் வேண்டும். பழைய மரத்துண்டிலிருந்தே ஒட்டுப்போடுங்கள். ஒட்டை மறைக்கச் சாயம் பூசாதீர்கள். அடியில் பென்சிலால் ஆண்டைக் குறித்துவையுங்கள். அதுதான் அடிக்குறிப்பு.

இந்த மரம் மறுபடி கிடைப்பது அரிது என்பதையும் எண்ண வேண்டும். மியான்மார் 2014-இல் வெட்டுமரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. ஈட்டி உள்ளிட்ட அதன் இன மரங்கள் அனைத்தும் 2017 தொடக்கத்தில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நாம் தூளாக்கித் தரையில் கொட்டுவது பல்லாண்டுகள் நின்று வளர்ந்த காட்டு மரம்.

கொட்டுவது தரையில் மட்டுமன்று. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வகைப்படுத்தியது. பூச்சு நீக்கும் திரவங்கள் பலவற்றில் கலந்துள்ள மெத்திலீன் குளோரைடைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விற்பதை அமெரிக்கா 2019-இல் தடுத்தது. நம் பட்டறைகளில் மூக்கில் கைக்குட்டை கட்டிய இளைஞர் ஒருவர் இவற்றுக்கு நடுவே நாள் முழுக்க நிற்கிறார். நம் கூடத்துப் பளபளப்பின் ஒரு பங்கு அவருடைய நுரையீரலில் இருக்கிறது. அரக்கைக் கையால் தேய்க்கத் தெரிந்த மூத்த மேஸ்திரிகள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். வேலை இல்லாததால் அவர்களும் துப்பாக்கியைப் பிடிக்கிறார்கள். தவறு அவர்களுடையதன்று. நாம் பொருளுக்குப் பணம் கொடுப்போம். நாட்களுக்குக் கொடுக்க மாட்டோம். எட்டு நாள் கூலி கேட்டால் பேரம் பேசுகிறோம். இரண்டு நாளில் கண்ணாடிபோல் ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் கேட்ட தொகையைத் தருகிறோம். நாம் எதற்குக் கூலி தருகிறோமோ அந்தத் தொழில்தான் வாழும்.

அலமாரிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். அந்தக் கோடுகளை நினைவிலிருந்து மறுபடி கீறிவிடலாமா என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தார். "நீ கீறுனா அது உன் கோடுப்பா" என்றார். பதிப்பியல் படிக்காதவர் அவர். பிறகு ஒரு தாளை எடுத்துத் தம் நினைவில் இருந்த வரிசைகளை அவரே வரைந்து கொடுத்தார். எல்லாம் நினைவில் இல்லை. மறந்த வரிசைகளுக்கு இடம் விட்டிருக்கிறார். அத்தாளில் தேதியிட்டு, யார் நினைவிலிருந்து வரையப்பட்டது என்று எழுதி, மூலம் 2011-இல் என்னால் அழிக்கப்பட்டது என்றும் குறித்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். கதவின் உள்பக்கம் இன்னமும் பளபளவென்றுதான் இருக்கிறது.